வரி பாக்கி ஏலம்: வாங்குவது வீட்டையா, கடனையா?

"18 சதவீத வட்டி. வசூலித்துத் தருவது அரசாங்கம். பணம் வராவிட்டால் வீடே உங்களுக்கு." அமெரிக்காவில் சொத்துவரி பாக்கி ஏலத்தைப் பற்றிய கருத்தரங்குகளும் காணொளிகளும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். இதில் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 18 சதவீதம் ஃபுளோரிடா சட்டத்திலேயே இருக்கிறது. கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) அலுவலகம் வசூலித்துத் தருவதும் நடக்கிறது. எப்போதாவது வீடும் கைக்கு வருகிறது. ஆனால் இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு, ஒரே சொத்தில் சேர்ந்து கிடைப்பது மிக மிக அபூர்வம். பணம் போடுவதற்கு முன் அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சொத்துவரி மத்திய அரசுக்குப் போவதில்லை. கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் ஆகியவை அதை நம்பித்தான் இயங்குகின்றன. ஆசிரியர் சம்பளம், தீயணைப்பு வண்டி, தெருவில் பனி அள்ளும் செலவு எல்லாம் அந்தப் பணம்தான். வீட்டுக்காரர்கள் சிலர் கட்டாமல் விட்டால் அந்த வருடத்துச் செலவில் துண்டு விழும். வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்க கவுண்டிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் அதன் கையில் வேறொரு பிடி இருக்கிறது. வரி கட்டவில்லை என்றால் அந்தச் சொத்தின் மேல் சட்டப்படி ஒரு வில்லங்கம் ஏறிவிடும். டாக்ஸ் லீன் என்பது இதுதான். வங்கி அந்த வீட்டின் பேரில் மூன்று லட்சம் டாலர் கடன் கொடுத்திருந்தாலும் சரி, நாலாயிரம் டாலர் வரி பாக்கி அதற்கு முன்னால் போய் நிற்கும். வீடு விற்றால் முதல் பணம் வரிக்கு. மிச்சம்தான் வங்கிக்கு.

இந்த முன்னுரிமைதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். இதை வைத்துக்கொண்டு மாநிலங்கள் இரண்டு வழியில் போகின்றன. சில மாநிலங்கள் பாக்கியை, அதாவது அந்தக் கடனை மட்டும் முதலீட்டாளருக்கு விற்றுவிடுகின்றன. இது லீன் விற்பனை. ஃபுளோரிடா, அரிசோனா, நியூ ஜெர்சி, இல்லினாய், அயோவா போன்றவை இந்த வகை. வேறு சில மாநிலங்கள் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொத்தையே ஏலத்தில் விடுகின்றன. இது டீட் விற்பனை, டீட் என்றால் சொத்துப் பத்திரம். கலிஃபோர்னியா, மிச்சிகன் இந்தப் பக்கம். டெக்ஸஸும் ஜார்ஜியாவும் இரண்டுக்கும் நடுவில். அங்கே சொத்து உங்கள் பெயருக்கு வரும், ஆனால் பழைய உரிமையாளர் குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தைக் கட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

லீன் எப்படி நடக்கிறது

ஃபுளோரிடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே நடைமுறை தெளிவாக இருக்கும், ஏலமும் பெரும்பாலும் இணையத்திலேயே நடக்கும். நவம்பரில் வரிச் சீட்டு வரும். அந்த மாதமே கட்டினால் 4 சதவீதம் தள்ளுபடி. டிசம்பரில் 3, ஜனவரியில் 2, பிப்ரவரியில் 1. மார்ச்சில் தள்ளுபடி கிடையாது, முழுத்தொகை. ஏப்ரல் 1 ஆகிவிட்டால் அது பாக்கி. ஜூன் 1-க்குள் கவுண்டி அந்த பாக்கியை ஒரு சான்றிதழாக மாற்றி ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இங்கே விலையை ஏற்றிக் கேட்பதில்லை. வட்டியை இறக்கிக் கேட்கிறார்கள். நம் ஊர் ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தள்ளிக் கேட்பவருக்கே சீட்டு விழுவதுபோல, குறைந்த வட்டிக்குச் சம்மதிப்பவருக்கே சான்றிதழ். ஏலம் 18 சதவீதத்தில் ஆரம்பித்து கால் கால் சதவீதமாக இறங்கும். யாரும் சீந்தாத சொத்துக்கு மட்டும்தான் 18-லேயே நிற்கும். நல்ல குடியிருப்பில் இருக்கும் நல்ல வீடு என்றால் பெரிய நிதி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான சான்றிதழ்களை மொத்தமாகக் கேட்டு, கால் சதவீதம் வரைக்கும்கூட இறக்கிவிடும்.

கால் சதவீதத்துக்கு யாராவது பணம் போடுவார்களா? போடுவார்கள். ஃபுளோரிடா சட்டத்தில் குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று ஒரு விதி இருக்கிறது. ஏலம் பூஜ்யத்துக்குப் போகாதவரை, உரிமையாளர் எப்போது வந்து கட்டினாலும் சான்றிதழ்காரருக்கு 5 சதவீதமாவது கிடைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 டாலர் சான்றிதழை நீங்கள் 5.25 சதவீதத்துக்கு எடுக்கிறீர்கள். மூன்றே மாதத்தில் உரிமையாளர் கட்டிவிட்டால் வட்டிக் கணக்குப்படி 26 டாலர் சொச்சம்தான் வரவேண்டும். ஆனால் 5 சதவீத விதி இருப்பதால் 100 டாலர் வரும். மூன்று மாதத்துக்கு 100 டாலர் என்பது நல்ல லாபம். அதே ஆள் 20 மாதம் கழித்துக் கட்டினால் 175 டாலர். வருடத்துக்கு அதே 5.25 சதவீதம்தான், ஒரு காசு அதிகமில்லை. கால் சதவீதத்துக்கு எடுத்தவருக்கோ எந்த மாதம் கட்டினாலும் அதே 100 டாலர். சீக்கிரம் கட்டினால் லாபம், இரண்டு வருடம் இழுத்தால் வருடத்துக்கு இரண்டரை சதவீதம். எந்த வீட்டுக்காரர் சீக்கிரம் கட்டுவார் என்று கணிக்க அந்த நிறுவனங்களிடம் ஆளும் தரவும் இருக்கின்றன. 10,000 டாலரை வைத்துக்கொண்டு மடிக்கணினி முன் உட்காரும் தனி ஆள் அவர்களோடுதான் போட்டி போடுகிறார். மூன்று மாதத்தில் திரும்பி வந்த பணத்தை அடுத்த ஜூன் வரை எங்கே போடுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

உரிமையாளர் கட்டவே இல்லை என்றால்? சான்றிதழ் வெளியான வருடத்து ஏப்ரல் 1-லிருந்து இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவரைக் கூப்பிட்டு "எப்போது கட்டப்போகிறீர்கள்?" என்று கேட்கக்கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. இரண்டு வருடம் முடிந்ததும் டீட் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதோடு அந்தச் சொத்தின் மேல் இருக்கும் மற்ற எல்லாச் சான்றிதழ்களையும், புதிய வரி பாக்கியையும் நீங்களே கட்டித் தீர்க்க வேண்டும். 2,000 டாலரில் ஆரம்பித்தது 8,000, 10,000 என்று போகலாம். அப்போதும் வீடு உங்களுக்கு என்று ஆகிவிடாது. நீதிமன்ற எழுத்தர் அந்தச் சொத்தைப் பகிரங்க ஏலத்தில் விடுவார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வேறொருவர் எடுத்தால் நீங்கள் போட்ட பணம் வட்டியோடு திரும்பி வரும். விண்ணப்பத்துக்குப் பிறகான காலத்துக்கு மாதம் ஒன்றரை சதவீதம் உண்டு. ஆகவே நஷ்டம் இல்லை. ஆனால் வீடும் இல்லை.

ஏலத்துக்கு ஒருவருமே வராவிட்டால்தான் சொத்து உங்கள் தலையில் விழும். "பணம் வராவிட்டால் வீடு உங்களுக்கு" என்பதன் முழு அர்த்தம் இதுதான்: ஊரில் ஒருவரும் வேண்டாம் என்று சொன்ன இடம் உங்களுக்கு. பாதி நீரில் கிடக்கும் மனை, பாதை இல்லாத காட்டுத் துண்டு, இடிக்கச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய கூரையில்லாத வீடு. உரிமையாளர் குடியிருக்கும் வீடு என்றால், அதன் மதிப்பீட்டில் பாதித் தொகையை ஏலத்தின் ஆரம்ப விலையோடு சேர்த்துவிடுவார்கள். ஆகவே அதையும் சும்மா அள்ளிவிட முடியாது. எதுவுமே செய்யாமல் ஏழு வருடம் விட்டால் சான்றிதழ் செல்லாமல் போய்விடும். போட்ட பணம் போனது போனதுதான்.

மற்ற மாநிலங்களில் எண்களும் விதிகளும் மாறும். அரிசோனாவில் 16 சதவீதத்திலிருந்து இறங்கும், உரிமையாளர் பாக்கியைக் கட்டி மீட்க மூன்று வருடம். அயோவாவில் மாதம் 2 சதவீதம் என்று வட்டி நிலையாக இருக்கும், அங்கே இறங்குவது சொத்தில் நீங்கள் கேட்கும் பங்கு. கொலராடோவில் பாக்கிக்கு மேல் ஒரு தொகையைக் கூடுதலாகக் கொடுக்க ஒத்துக்கொள்பவருக்குக் கிடைக்கும். அந்தக் கூடுதல் திரும்பி வராது, அதற்கு வட்டியும் கிடையாது. சின்னச் சான்றிதழ் எடுத்தவர்கள் கணக்குப் பார்க்காமல் இங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இல்லினாயில் வட்டிக்குப் பதில் உரிமையாளர் கட்டும் அபராதம், முன்பு அது ஆறு மாதத்துக்கு 18 சதவீதம் வரை இருந்தது. 2023-ல் வந்த சட்டம் அதை 9 ஆகக் குறைத்தது. பழைய காணொளிகளில் இன்னும் 18 என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நியூ ஜெர்சியில் நகராட்சிகள் லீனை விற்கின்றன. ஆரம்ப வட்டி 18 சதவீதம். போட்டி பலமாக இருந்தால் பூஜ்யத்துக்கு இறங்கி, அதன் பிறகு பிரீமியம், அதாவது பாக்கிக்கு மேல் கூடுதல் தொகை, கொடுப்பதாகக் கேட்க ஆரம்பிப்பார்கள். இங்கே பல வருடம் நடந்த ஒரு மோசடியையும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு வரும் சில முதலீட்டாளர்கள் "இது உனக்கு, அது எனக்கு" என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வட்டி இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது, பத்துப் பேருக்கு மேல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் இறங்கவிடாமல் பிடித்துவைத்த வட்டியைக் கட்டியது வரி கட்ட முடியாமல் திணறிய வீட்டுக்காரர்கள்தான்.

சொத்தையே விற்கும் மாநிலங்கள்

டெக்ஸஸில் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் ஏலம். நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் ஷெரிஃப் அல்லது கான்ஸ்டபிள் விற்பார். ஏலம் எடுப்பவருக்கே அந்தக் கவுண்டியில் வரி பாக்கி இல்லை என்று எழுத்துச் சான்று வேண்டும். இது ஒரு நல்ல விதி.

அங்கே 40,000 டாலருக்கு ஒரு வாடகை வீட்டை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பழைய உரிமையாளருக்கு 180 நாள் அவகாசம் உண்டு. அவர் நான்காவது மாதம் வந்தாலும் நீங்கள் கொடுத்த 40,000, அதன் மேல் 25 சதவீதம், அப்புறம் பதிவுக் கட்டணம், நீங்கள் கட்டிய வரி எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும். 25 சதவீதம் என்பது வருட வட்டி அல்ல. ஒரு மாதத்தில் வந்தாலும் அதே 25 சதவீதம்தான். அவர் குடியிருந்த வீடாகவோ விவசாய நிலமாகவோ இருந்தால் அவகாசம் இரண்டு வருடம். இரண்டாம் வருடத்தில் வந்தால் 50 சதவீதம் கட்ட வேண்டும். ஜார்ஜியாவில் முதல் வருடம் 20 சதவீதம், பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாகக் கூடும்.

காகிதத்தில் இதைவிட நல்ல முதலீடு இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த அவகாசக் காலத்தில் அந்த வீட்டை வைத்துக்கொண்டு உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சமையலறையைப் புதிதாகக் கட்டி, தரையை மாற்றி 30,000 டாலர் செலவழித்துவிட்டு நிற்கும்போது உரிமையாளர் பணத்தோடு வந்து நின்றால், வீட்டைக் காப்பாற்றச் செய்த செலவுக்கு வேண்டுமானால் கணக்குக் காட்டலாம். அலங்காரத்துக்குச் செய்ததெல்லாம் அவருக்குச் சீர் கொடுத்ததாகத்தான் ஆகும். கூரை ஒழுகினால் அடைக்கலாம், பூட்டு மாற்றலாம், காப்பீடு எடுக்கலாம். அதோடு நிற்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் குடியிருப்புச் சொத்துக்குப் பொதுவாக ஐந்து வருடம் பாக்கி இருந்தால்தான் ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கு முந்தைய வேலைநாள் மாலை அலுவலகம் மூடும்வரை உரிமையாளர் கட்டலாம். அதற்குப் பிறகு மீட்கும் உரிமை இல்லை. மிச்சிகனில் மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில் சொத்து கவுண்டி கைக்குப் போய்விடும். டெட்ராய்ட் இருக்கும் வெய்ன் கவுண்டியில் செப்டம்பர் ஏலத்தில் போகாத வீடுகளை அக்டோபரில் 500 டாலரில் ஆரம்பித்துக் கூவினார்கள். எங்கோ உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்து 500 டாலருக்கு வீடு வாங்கியவர்கள் பலர், அதில் தாமிரக் குழாய் முதல் ஜன்னல் வரை உருவப்பட்டிருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அவர்களும் வரி கட்டாமல் விட, அதே வீடு திரும்பவும் ஏலத்துக்கு வந்தது. இந்தச் சுழற்சியில் தெருக்களே காலியாயின.

ஒரு அடி அகல நிலமும் ஒரு தனியார் தெருவும்

ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் 2019-ல் ஒருவர் இணைய ஏலத்தில் 9,100 டாலர் கொடுத்து ஒரு வில்லா வாங்கியதாக நினைத்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு அடி அகலம், நூறு அடி நீளம். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு இடையில் தெருவரை ஓடும் ஒரு நாடா. அதன் மதிப்பு 50 டாலர். கவுண்டி இணையதளத்தில் வீட்டின் படம் இருந்தது, ஆனால் மனை எண்ணும் அளவும்கூட அங்கேயேதான் இருந்தன. பணம் திரும்பி வரவில்லை. வரி ஏலத்தில் "உள்ளது உள்ளபடி" என்பது முதல் நிபந்தனை.

இன்னொன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. பிரசிடியோ டெரஸ் என்ற தெரு, வாயிலில் காவல் போட்டது, முப்பத்தைந்து மாளிகைகள் கொண்டது. தெருவும் நடைபாதையும் அங்கே வசிப்பவர்களின் சங்கத்துக்குச் சொந்தம். அதற்கு வருடத்துக்கு 14 டாலர் வரி. அந்தச் சீட்டு பல்லாண்டுகளுக்கு முன் விலகிப்போன ஒரு கணக்காளரின் முகவரிக்குப் போய்க்கொண்டே இருந்தது, யாரும் கட்டவில்லை. அபராதத்தோடு 994 டாலர் ஆனது. 2015-ல் நகரம் அந்தத் தெருவையே ஏலத்தில் விட்டது. சான் ஹோசேயைச் சேர்ந்த ஒரு தம்பதி 90,100 டாலருக்கு எடுத்தார்கள். கோடீஸ்வரர்கள் தங்கள் தெரு கைமாறியது தெரியாமல் இரண்டு வருடம் அதிலேயே கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவுடன் வழக்கு, முறையீடு. 2017 நவம்பரில் நகர மேற்பார்வைக் குழு 7-க்கு 4 என்ற வாக்கில் விற்பனையை ரத்து செய்தது. ஏலம் எடுத்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. இருந்தும் கையிலிருந்த பத்திரம் போய்விட்டது.

இந்தத் தெருவுக்காரர்களிடம் வழக்கறிஞர் இருந்தார்கள், செல்வாக்கு இருந்தது. அது இல்லாதவர்களுக்கும் நோட்டீஸ் என்ற ஒரு கவசத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. 1983-ல் மெனனைட் வழக்கில், அடமானம் வைத்திருப்பவருக்கும் வரி விற்பனை பற்றித் தெரிவிக்க வேண்டும் என்றது. 2006-ல் ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் வழக்கில், அனுப்பிய பதிவுத் தபால் யாரும் வாங்காமல் திரும்பி வந்தது தெரிந்த பிறகும் அரசு சும்மா இருந்துவிட்டு வீட்டை விற்கக்கூடாது என்றது. முதலீட்டாளர் இதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். கவுண்டி நோட்டீஸ் கொடுத்ததில் ஒரு குறை இருந்தாலும் உங்கள் பத்திரம் ஆட்டம் காணும். அந்தக் குறையை நீங்கள் செய்திருக்க வேண்டியதில்லை.

அதனால்தான் வரி ஏலப் பத்திரத்துக்கு உரிமைக் காப்பீடு (சொத்துரிமையில் பின்னால் சிக்கல் வந்தால் ஈடு தரும் காப்பீடு) கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. காப்பீடு இல்லையென்றால் அந்த வீட்டை வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது. ஆகவே நீங்கள் நீதிமன்றத்தில் உரிமையை உறுதிசெய்யும் வழக்கு ஒன்று போட்டு, பழைய உரிமையாளர், வாரிசுகள், கடன்காரர்கள் எல்லோரையும் பிரதிவாதி ஆக்கி, தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்குச் சில ஆயிரம் டாலர், பல மாதம். உரிமையாளருக்கு மத்திய வருமான வரி பாக்கி இருந்து அதன் வில்லங்கமும் இருந்தால், விற்பனைக்குப் பிறகு 120 நாள் மத்திய அரசு அந்தச் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். உரிமையாளர் திவால் மனு போட்டால் எல்லாம் அப்படியே நின்றுபோகும். மண்ணுக்கடியில் பழைய பெட்ரோல் தொட்டி இருந்தால் அதைச் சுத்தம் செய்யும் செலவும் புது உரிமையாளர் தலையில் வரலாம். உள்ளே யாராவது குடியிருந்தால், வெளியேற்றும் வழக்கும் உங்களுடையதுதான்.

மிச்சப் பணம் யாருக்கு

இந்தத் துறையில் பல வருடமாக நியாயமே இல்லாமல் நடந்துவந்த ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது.

மிச்சிகனில் ஒருவர் சௌத்ஃபீல்டில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கினார். 2011 வரியில் குறைந்ததைப் பிறகு கட்டும்போது வட்டிக் கணக்கில் 8 டாலர் 41 சென்ட் விட்டுப்போனது. அபராதமும் கட்டணமும் சேர்ந்து அது 285 டாலர் சொச்சம் ஆனது. ஓக்லண்ட் கவுண்டி அந்த வீட்டை 24,500 டாலருக்கு விற்றது. பாக்கி போக மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. 2020 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

மூன்று வருடம் கழித்து நாடு முழுவதையும் தொட்ட தீர்ப்பு வந்தது. மினியாபோலிஸில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டிக்கு ஒரு அடுக்ககக் குடியிருப்பு இருந்தது. 2010-ல் அவர் அதைவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார். வரி நின்றது. சுமார் 2,300 டாலர் வரி, வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 ஆனது. ஹென்னபின் கவுண்டி அதை 40,000-க்கு விற்று, மீதி 25,000-ஐயும் எடுத்துக்கொண்டது. 2023 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 1215-ன் மாக்னா கார்ட்டா வரை போய், பாக்கிக்கு மேல் எடுக்க அரசுக்கு ஒருபோதும் உரிமை இருந்ததில்லை என்று காட்டினார். சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கட்டத்தான் வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதினார். அப்போது டைலருக்கு வயது 94.

முதலீட்டாளருக்கு இது எதற்கு? மிச்சப் பணத்தைக் கவுண்டி எடுத்துக்கொண்டதற்கும், 3,000 டாலர் லீனை வைத்து முதலீட்டாளர் இரண்டு லட்சம் டாலர் வீட்டை முழுதாக எடுத்துக்கொள்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படி எடுத்துக்கொள்ள விட்ட மாநிலங்கள் இப்போது சட்டத்தை மாற்றிவருகின்றன. நியூ ஜெர்சி 2024-ல் மாற்றியது. வீடு நேராக லீன்காரர் கைக்குப் போகாமல் ஏலத்தில் விடும்படி உரிமையாளர் இப்போது கேட்கலாம், மிச்சம் அவருக்கு. சின்னக் கடனுக்குப் பெரிய வீடு என்ற கனவு இத்தனை நாள் நின்றது இந்த ஓட்டையின் மேல்தான். ஓட்டை அடைபடுவது நல்லது என்றே நான் நினைக்கிறேன். லீனில் பணம் போடுபவர் தன் பணத்தையும் வட்டியையும் கேட்பது நியாயம். கவுண்டிக்கும் அதனால் உதவிதான். இன்னொருவர் முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த மதிப்பை அதன் பேரில் எடுத்துக்கொள்வது வேறு விஷயம்.

இன்றைக்கு இதில் இறங்க நினைப்பவர் லீனை வட்டிக்காக மட்டும் வாங்க வேண்டும், அதுவும் அந்த மாநிலத்தின் இப்போதைய சட்டத்தைப் படித்துவிட்டு. அரசுப் பத்திரம் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட வந்தால் போதும் என்ற கணக்கோடு. டீட் வாங்க நினைப்பவர் முதலில் அந்த இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும், மனை எண்ணை வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும், வழக்கறிஞர் செலவையும் ஒரு வருடக் காத்திருப்பையும் விலையில் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கழித்த பிறகும் லாபம் தெரிகிற சொத்து இருக்கும். ஒவ்வொரு ஏலப் பட்டியலிலும் இருக்காது.

கடைசியாக, இந்த ஏலப் பட்டியலில் வருபவர்கள் யார் என்று பார்ப்போம். வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் அதிகம் வராது. வங்கி மாதத் தவணையோடு வரியையும் பிடித்துத் தானே கட்டிவிடும், உரிமையாளர் தவறினாலும் தன் கடனைக் காப்பாற்ற அதுவே கட்டும். வருவது பெரும்பாலும் கடன் தீர்ந்த வீடுகள், இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள், காலி மனைகள். மேலே சொன்ன ஜோன்ஸ் வழக்கும் அப்படித்தான். ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் 1967-ல் வாங்கிய வீடு. ஜோன்ஸ் முப்பது வருடம் தவணை கட்டினார், அதோடு வரியையும் கடன் நிறுவனம் கட்டிவந்தது. 1997-ல் கடன் தீர்ந்தது. அதோடு வரி கட்டுவதும் நின்றது, அவர் அந்த வீட்டில் இல்லாததால் தபாலும் அவர் கைக்குப் போகவில்லை. 80,000 டாலர் பெறும் வீடு 21,042 டாலருக்குப் போனது. வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் அவர் மகளிடம் வந்து சேர்ந்தபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

அமெரிக்காவில் வீடு வைத்திருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு இன்னும் சில வருடங்களில் கடன் தீரும். கடைசித் தவணை கட்டிய மாதமே கவுண்டி இணையதளத்துக்குப் போய், வரிச் சீட்டு யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பப்படுகிறது என்று பாருங்கள். வங்கியின் முகவரி இருந்தால் மாற்றுங்கள். பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் அதையும் பாருங்கள். ஏற்கெனவே வரி ஏலத்தில் வீடு போன யாரையாவது தெரிந்திருந்தால், மிச்சப் பணம் இருக்கிறதா என்று அந்தக் கவுண்டியில் கேட்கச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஏலப் பத்திரம் பதிவான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு படிவம் போதும், பாதியைப் பங்கு கேட்டு வரும் இடைத்தரகர் தேவையில்லை.